பிற நாட்டுத் தளங்களில் படம் பார்க்க விபிஎன் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

ஹாம், ஜெர்மனி

இந்தியாவில் நெட்பிளிக்ஸில் வெளியாகும் தமிழ்ப் படங்களை இங்கிருந்தபடியே பார்ப்பதற்காக நம் இணைய இணைப்பை வேறொரு நாட்டின் சர்வர் வழியாகச் செலுத்தி, அந்நாட்டிலிருந்து வருவதுபோலக் காட்டும் விபிஎன் சேவை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை எங்கள் வீட்டில் எழுந்தது. அப்போது தெரிந்துகொண்டவற்றை, இதே தேவையுள்ளவர்களுக்கு உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

விபிஎன் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு தமிழ்ப் படத்தின் இணைய உரிமை, இந்தியாவுக்கு ஒரு நிறுவனத்துக்கும் வெளிநாடுகளுக்கு வேறொரு நிறுவனத்துக்குமாகப் பிரித்து விற்கப்படுவது வழக்கம். ஆகவே ஜெர்மனியில் நெட்பிளிக்ஸில் தென்படாத படம், வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவே நடத்தப்படும் சிம்ப்ளி சவுத், டென்ட்கொட்டா போன்ற தளங்களில் முறைப்படி கிடைக்கக்கூடும். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் நாட்டை மாற்றி மாற்றித் தேடினால், எந்தப் படம் எந்த நாட்டில் யாரிடம் இருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அம்மா கேட்டிருந்த படங்களில் பலவற்றை விபிஎன் இல்லாமலேயே இப்படிக் கண்டுபிடித்தோம். எஞ்சியவற்றுக்குத்தான் விபிஎன் தேவைப்பட்டது.

இந்தியாவை நோக்கி விபிஎன் தேடுபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி 2022ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, பயன்படுத்திய ஐ.பி. (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) முதலிய விவரங்களை 5 ஆண்டுகள் சேமித்து வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பயனர்களின் இணையப் பயன்பாட்டைப் பற்றிய பதிவேடு எதையும் வைத்திருப்பதில்லை என்பதையே தம் அடிப்படை உறுதிமொழியாகச் சொல்லிவந்த எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க், புரோட்டான் விபிஎன் ஆகியவை அதற்கு உடன்படாமல் இந்தியாவிலிருந்த தம் சர்வர்களை அகற்றிவிட்டன. அவற்றுள் சில, இந்திய ஐ.பி. முகவரியைத் தாங்கியபடி சிங்கப்பூர் போன்ற வேறு இடங்களில் இயங்கும் மெய்நிகர் சர்வர்களைத் தருகின்றன. எனவே செயலியில் இந்தியா என்ற பெயர் இருந்தாலும், தரவு உண்மையில் எங்கே போய் வருகிறது என்பதை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் படித்துப் பார்ப்பது நல்லது. நான் அதை மறைப்பு வேலையாகக் கருதவில்லை. வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தின் மீதே எனக்கு மதிப்புக் கூடியது.

இணைப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்கும் முறையும் முக்கியம். நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியா உட்பட 130 நாடுகளுக்குத் தன் சேவையை விரித்தது. அதே மாதத்தில்தான் விபிஎன் போன்றவற்றின் வழியாக வரும் இணைப்புகளைத் தடுக்கப்போவதாகவும் அறிவித்தது. விபிஎன் என்று கண்டுகொண்டால் அது எப்போதும் பிழைச் செய்தி காட்டுவதில்லை. உலகம் முழுவதற்கும் தன்னிடம் உரிமை உள்ள படங்களையும் தொடர்களையும் மட்டும் காட்டிவிட்டு, மற்றவற்றைத் தேடலிலிருந்து விலக்கிவிடுகிறது. முகப்புப் பக்கம் நன்றாகத் திறப்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும். நாம் தேடும் படம் மட்டும் இருக்காது. அதனால் அந்த நாட்டில் மட்டுமே கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு படத்தைத் தேடிப் பார்ப்பதே சரியான சோதனை. விளம்பரத்துடன் கூடிய மலிவுத் திட்டத்தில் இருப்பவர்கள் விபிஎன் வழியாகப் பார்க்கவே முடியாது என்பதை நெட்பிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்திலேயே தெரிவித்துள்ளது.

எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. மடிக்கணினியில் இந்திய முகவரி தெரிந்தது. ஆனால் திறந்ததோ ஜெர்மனியின் பட்டியல். எங்கள் இணைய இணைப்பு, புதிய வகை ஐ.பி.யான ஐபிவி6 முகவரியையும் தருகிறது. அப்போது நாங்கள் பயன்படுத்திய விபிஎன் செயலி பழைய ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் தன் வழியே அனுப்பிவிட்டு, ஐபிவி6 போக்குவரத்தை நேரே வெளியே விட்டுக்கொண்டிருந்தது. படத் தளம் அந்த இரண்டாவது வழியில் எங்கள் உண்மையான இடத்தைத் தெரிந்துகொண்டது. கசிவுச் சோதனைத் தளம் ஒன்றில் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ஐபிவி6 போக்குவரத்தைத் தானும் சுமக்கும், அல்லது முழுதாக அடைத்துவிடும் செயலியாகப் பார்த்து மாற்றிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வேகத்தைப் பொறுத்தவரை, நெட்பிளிக்ஸ் முழு எச்டி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், 4கே தரத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. வயர்கார்டு என்ற விபிஎன் இணைப்பு முறையில் அதை எட்டுவது கடினமாக இல்லை.

டொராண்டோ, கனடா

ஹாம் நண்பர் எழுதியதை முழுவதும் ஏற்கிறேன். நான் சென்ற வழி சற்று வேறுபட்டது. அதில் நன்மையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

விலை கொடுத்து வாங்கும் விபிஎன் முகவரிகள் பெரும்பாலும் தரவு மையங்களுக்குச் சொந்தமானவை. ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கானோர் படம் பார்ப்பதையும், அந்த முகவரி எந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் வைத்துத் தளங்கள் அவற்றை எளிதில் அடையாளம் கண்டுவிடுகின்றன. இன்று வேலை செய்யும் சர்வர் அடுத்த வாரம் அடைபட்டுப்போவதற்கு இதுவே காரணம். தஞ்சாவூரில் பெற்றோர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. அங்கே சிறிய ராஸ்பெர்ரி பை கணினி ஒன்றை வைத்து, டெயில்ஸ்கேல் மென்பொருளின் உதவியால், இங்கே என் கணினியின் போக்குவரத்து முழுவதும் அந்த வீட்டு இணைப்பின் வழியாக வெளியேறும்படி அமைத்தேன். படத் தளத்தின் கண்ணுக்கு அது ஒரு சாதாரண வீட்டு இணைப்பு.

இதில் இறங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய முதல் எண், அந்த வீட்டின் பதிவேற்ற வேகம். படம் தஞ்சாவூர் வீட்டுக்குப் பதிவிறக்கமாக வந்து, அங்கிருந்து டொராண்டோவுக்குப் பதிவேற்றமாகப் போகிறது என்பதால், இணைய நிறுவனம் பெரிதாக விளம்பரப்படுத்தும் பதிவிறக்க எண் இங்கே அரைப் பயன்தான். பல ஃபைபர் திட்டங்களில் இரண்டும் சமமாக இருப்பது நமக்கு வாய்ப்பு.

அடுத்த தடை சற்று நுட்பமானது. பொது ஐ.பி. முகவரிகள் பற்றாக்குறையாக இருப்பதால், இந்திய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் அடுக்கி வைக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பின் முகவரி தெரிந்தும் வீட்டு எண் தெரியாமல் வந்த கடிதம் போல, வெளியிலிருந்து வரும் இணைப்பு எந்த வீட்டுக்குப் போவது என்று அறியாமல் வாசலிலேயே நின்றுவிடும். டெயில்ஸ்கேல் இந்த நிலையிலும் நேரடி இணைப்புக்கு வழி தேடும். கிடைக்காதபோது தன் இடைநிலை சர்வர்களின் வழியாகத் தரவை அனுப்பும். அப்படிப் போகும்போது வேகம் வெகுவாகக் குறைந்து, படம் நின்று நின்று ஓடியது. கூடுதல் மாதக் கட்டணம் செலுத்தித் எங்கள் வீட்டுக்கு மட்டுமான, மாறாத ஐ.பி. முகவரி ஒன்றை வாங்கிய பிறகே நிலைமை சீரானது.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் ரௌட்டரைத் தாங்கும். ஆனால் தெருவில் உள்ள இணைய நிறுவனத்தின் பெட்டி மின்சாரம் இல்லாமல் அணைந்துவிட்டால் இணைப்பு போய்விடும். இங்கே இரவு படம் பார்க்கும் நேரம் அங்கே காலை. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாள்களில் அந்த நேரமே பெரும்பாலும் சிக்குகிறது.

பொறுப்பு என்று சொன்னது இதற்காக: அந்த இணைப்பு அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதன் வழியாக எது நடந்தாலும் அவரே பதில் சொல்ல வேண்டியவர் ஆவார். எனவே நண்பர்கள் கேட்டாலும் இதை நான் பகிர்ந்துகொள்வதில்லை. ஜியோஹாட்ஸ்டார் போன்ற தளங்களில் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓடிபியும் தேவைப்படுவதால், அதற்கும் அப்பாவைத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. நுழைந்தபின் நீண்ட நாள் வெளியேறாமல் இருந்துகொள்வதே அவருக்குச் செய்யும் உதவி.

துபாய், ஐக்கிய அரபு அமீரகம்

அமீரகத்தில் இருப்பவர்கள் சேவையின் தரத்தை ஒப்பிடுவதற்கு முன் இங்குள்ள சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். 2021ஆம் ஆண்டின் 34ஆம் எண் இணையக் குற்றச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, குற்றம் புரிவதற்காகவோ அதைக் கண்டுபிடிக்கவிடாமல் தடுப்பதற்காகவோ வேறொருவரின் அல்லது பொய்யான ஐ.பி. முகவரியைப் பயன்படுத்துபவருக்குச் சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. நிறுவனங்கள் தம் அலுவலகப் பணிக்காக விபிஎன் பயன்படுத்துவது இங்கே இயல்பான ஒன்றுதான். ஆனால் ஒரு படத்துக்காக அந்தப் பிரிவின் எல்லை எது என்று சோதித்துப் பார்க்கும் நிலையில், குடும்பத்தோடு வேலை விசாவில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள் இல்லை. அமீரகத்திலேயே முறையாகக் கிடைக்கும் சந்தாக்களோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

பாரிஸ், பிரான்ஸ்

"மிகச் சிறந்த 10 விபிஎன்" என்ற தலைப்பில் வரும் ஒப்பீட்டுப் பக்கங்களை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் ஆகிய விபிஎன் சேவைகளை வாங்கிய கேப் டெக்னாலஜீஸ், 2021இல் எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தையும் 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் விபிஎன்மென்டர் என்ற ஒப்பீட்டுத் தளத்தை நடத்தும் நிறுவனமும் அதன் கைக்கு வந்தது. நார்ட் நிறுவனமும் சர்ஃப்ஷார்க்கும் 2022இல் இணைந்தன. பட்டியலில் தனித்தனிப் போட்டியாளர்களாகத் தெரியும் பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்கலாம்; பட்டியலிட்டவரும் அதே வீட்டைச் சேர்ந்தவராக இருக்கலாம். இதனால் அந்தச் சேவைகள் தரமற்றவை என்று ஆகிவிடாது. ஆனால் மதிப்பெண் போட்டவர் யார் என்பது வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பதிவேடு வைப்பதில்லை என்ற உறுதிமொழியை நிகழ்ச்சிகளை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் எண்ணம். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் காவல்துறை முல்வாட் என்ற விபிஎன் நிறுவனத்தின் அலுவலகத்துக்குச் சோதனை ஆணையோடு வந்தபோது, எடுத்துச் செல்வதற்கு வாடிக்கையாளர் தரவு எதுவும் இல்லாமல் திரும்பியது. முல்வாட் மாதம் 5 யூரோ என்ற ஒரே விலையில் இயங்குகிறது. மின்னஞ்சல் முகவரியைக்கூடக் கேட்பதில்லை. ஆயினும் படத் தளங்களைத் திறந்து தருவதை அது தன் வேலையாகக் கொள்ளவில்லை என்பதால், நம் தேவைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனியுரிமைக்குச் சிறந்ததும் படம் பார்க்க ஏற்றதும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இலவசச் சேவைகளைப் பற்றி ஒரு செய்தி போதும். ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் கணினிகளையே மற்றவர்கள் வெளியேறும் வாசலாகப் பயன்படுத்தி, அந்த இணைப்புத் திறனைத் தனியே விற்றுவந்தது 2015இல் வெளிச்சத்துக்கு வந்தது. தஞ்சாவூர் வீட்டைப் பற்றி டொராண்டோ நண்பர் சொன்ன பொறுப்பை, முன்பின் தெரியாதவர்களுக்காக நாம் சுமக்க நேரும்.

மேலும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பயணம் போகும்போது மட்டும் விபிஎன் தேடுபவர்களுக்கு அது தேவையே இல்லை. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, பிரான்சில் கட்டணம் செலுத்திப் பெறும் சந்தா, நாம் தற்காலிகமாக ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும்போதும் பிரான்சில் உள்ளது போலவே இயங்க வேண்டும்.

சென்னை

எங்கள் அனுபவம் எதிர்த்திசையில் அமைந்தது. ஓஸ்லோவிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்கா, அங்கே சந்தா கட்டியிருந்த வெளிநாட்டுத் தமிழ்ப் படத் தளத்தை இங்கே திறந்தபோது, இந்தியாவில் சேவை இல்லை என்ற அறிவிப்புதான் வந்தது. நார்வே சர்வர் வழியாக இணைத்ததும் மடிக்கணினியின் பிரவுசரில் படம் ஓடியது. கைப்பேசிச் செயலியிலோ ஓடவில்லை. இருப்பிட அனுமதி பெற்றிருந்த அந்தச் செயலி ஜிபிஎஸ் வழியாகச் சென்னையைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த அனுமதியை நீக்கியதும் படம் திறந்தது.

லண்டன் சர்வர் வழியாகப் பிபிசி ஐபிளேயர் பார்க்கலாமா என்று மருமகன் கேட்டான். 2016 செப்டம்பர் 1 முதல் ஐபிளேயரில் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கவும் பிரிட்டனின் தொலைக்காட்சி உரிமம் தேவை. அந்தக் கட்டணத்தில்தான் பிபிசி பெரும்பாலும் நடக்கிறது. சந்தா கட்டியவர் பயணத்தில் தன் சந்தாவைத் திறப்பதையும், கட்டணமே கட்டாதவர் உள்ளே நுழைவதையும் ஒன்றாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை என்று அவனிடம் சொல்லி மறுத்துவிட்டேன்.

ஒரு கேள்வி: அம்மாவுக்குக் கணினி பழக்கம் இல்லாத வீடுகளில், டிவியிலேயே இதை எப்படி அமைப்பது?

ஹாம், ஜெர்மனி

சென்னை நண்பரின் கேள்விக்கு: சாம்சங், எல்ஜி டிவிகளில் பெரும்பாலான விபிஎன் நிறுவனங்களின் செயலிகள் கிடைப்பதில்லை. ஃபயர் டிவி, ஆண்ட்ராய்டு டிவி ஆகியவற்றில் கிடைக்கின்றன. ஆப்பிள் டிவியில் 2023இல் வந்த டிவிஓஎஸ் 17 இயங்குதளம் முதல் அதற்கு வழி உண்டு. ரௌட்டரிலேயே விபிஎன் அமைத்துவிட்டால் எந்த டிவியானாலும் போதும். ஆனால் வீட்டின் வங்கி வேலை உட்பட அனைத்தும் வேறு நாட்டிலிருந்து வருவதாகத் தெரியும் என்பதால், டிவிக்கு மட்டும் அதைப் பொருத்தக்கூடிய ரௌட்டராக இருந்தால் நல்லது. எங்கள் அம்மாவுக்கு ஃபயர் டிவி ஸ்டிக் ஒன்றைத் தனியாகக் கொடுத்து, விபிஎன் தானாகவே இணையும்படி அமைத்திருக்கிறோம். அவர் படத்தைத் தேர்ந்தெடுப்பதோடு சரி.

வாங்கும்போது, பணத்தைத் திருப்பித் தரும் காலம் 30 நாளாவது உள்ள நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே கட்டணம் செலுத்துங்கள். செயலிக் கடை வழியாக வாங்கினால், திருப்பித் தருவதை அந்தக் கடையின் விதிகளே தீர்மானிக்கும். இரண்டு ஆண்டுச் சலுகையின் மாத விலை குறைவாகத் தெரியும். முதல் தவணை முடிந்தபின் புதுப்பிக்கும் விலை என்ன என்பதையும் அதே பக்கத்தில் தேடிப் படியுங்கள். அந்த 30 நாளுக்குள், உங்கள் வீட்டு டிவியில், உங்களுக்கு வேண்டிய தளத்தில், வாரக் கடைசி இரவில் சோதித்துப் பாருங்கள். கூட்டம் மிகும் அந்த நேரத்தில் படம் தடையின்றி ஓடினால் சந்தாவைத் தொடரலாம்.