865 போர்டில் உப்பிய கெபாசிட்டர்கள்: சாலிட் போடுவதா, திரவ வகையே போடுவதா?

நூல்கண்டு:
திருப்பூரில் சின்ன எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருக்கிறேன். டிசைன் போடும் கணினி பழையது. பென்டியம் 4, சாக்கெட் 478, இன்டெல் 865 சிப்செட், விண்டோஸ் எக்ஸ்பி. சாஃப்ட்வேரின் டாங்கிள், அதாவது உரிமத்தைச் சரிபார்க்கும் சாவிக் கருவி, பேரலல் போர்ட்டில் செருகும் வகை என்பதால் இதை விட முடியவில்லை. இப்போதெல்லாம் காலையில் நாலைந்து தடவை பட்டனை அழுத்தினால்தான் ஆன் ஆகிறது. திறந்து பார்த்தேன். பிராசசரைச் சுற்றியுள்ள 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட் கெபாசிட்டர்கள் ஆறில் நான்கு உப்பியிருக்கின்றன, ஒன்றின் தலையில் பழுப்பாகக் கசிவு. 12 வோல்ட் பக்கம் இருக்கும் 1500 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் மூன்றும் பார்வைக்கு நன்றாக உள்ளன. எதை வாங்கிப் போடட்டும்?

பாலிமர்பாண்டி:
சாலிட் போடுங்கள் சார், உள்ளே திரவத்துக்குப் பதில் திடமான பாலிமர் இருக்கும் வகை. யோசிக்கவே வேண்டாம். பிராசசருக்குப் போவது 1.5 வோல்ட் அளவுதான், 820 மைக்ரோஃபாரட், 2.5 வோல்ட் சாலிட் ஆறு போதும். மதிப்பு கால்வாசிதானே என்று பயப்படாதீர்கள். இந்த இடத்தில் முக்கியம் இ.எஸ்.ஆர், அதாவது கெபாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தடை. சாலிடில் அது 7 மில்லிஓம் அளவு. ஆயுளையும் பாருங்கள். இரண்டு வகையிலும் 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று போட்டது கிடைக்கும். ஆனால் சூடு 10 டிகிரி குறைந்தால் திரவ வகையின் ஆயுள் இரண்டு மடங்கு. சாலிடுக்கு 20 டிகிரி குறைந்தாலே பத்து மடங்கு. 65 டிகிரியில் ஓடினால் திரவ வகைக்கு 32,000 மணி நேரம், சாலிடுக்குக் கணக்குப்படி 2,00,000.

மில்லிஓம்:
பாண்டி தம்பி, ஆயுள் கணக்கு சரி. ஆனால் அந்த 1.5 வோல்ட்டை ஒரு கன்ட்ரோலர் சிப் இடைவிடாமல் அளந்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிக்கொண்டிருக்கிறது. வெளியீட்டில் எந்தக் கெபாசிட்டர் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தச் சுற்றை வடிவமைத்திருப்பார்கள். இ.எஸ்.ஆரும் அந்தக் கணக்கில் ஒரு உறுப்பு. 3300 மைக்ரோஃபாரட், 12 மில்லிஓம் என்றால் இ.எஸ்.ஆரின் தாக்கம் தொடங்கும் அதிர்வெண் சுமார் 4 கிலோஹெர்ட்ஸ். 820 மைக்ரோஃபாரட், 7 மில்லிஓம் என்றால் 28 கிலோஹெர்ட்ஸ். எத்தனை கெபாசிட்டரை இணையாகப் போட்டாலும் இந்த எண் மாறாது. ஏழு மடங்கு தள்ளிப் போகிறது! இ.எஸ்.ஆர் சுற்றை நிலைப்படுத்தத் தரும் உதவி குறைந்த அதிர்வெண்ணிலேயே கிடைக்கும் என்று நம்பி அமைத்த சுற்றாக இருந்தால், லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜ் நிலைக்கு வராமல் ஊசலாடும். போர்டு ஆன் ஆகிவிடும். ஆனால் பெரிய டிசைனைத் திறக்கும்போது தொங்கும், அப்புறம் ரேமைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

பாலிமர்பாண்டி:
அக்கா, போர்டு கம்பெனிகளே பின்னால் முழுக்க சாலிடுக்கு மாறிவிட்டார்களே. நான் மாற்றிக்கொடுத்த போர்டுகளும் இன்னும் ஓடுகின்றன.

மில்லிஓம்:
அவர்கள் சுற்றையும் சேர்த்து மாற்றி அமைத்தார்கள். நாம் கெபாசிட்டரை மட்டும் மாற்றுகிறோம். ஓடுகிறது என்றால் எப்படி ஓடுகிறது? வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்து 1.5 வோல்ட் கோட்டைப் பார்த்தால்தான் தெரியும். சில கன்ட்ரோலர்கள் தாங்கும், சில தாங்காது. அவரிடம் ஸ்கோப் இல்லை, பிழைப்பே இந்தக் கணினியில் இருக்கிறது.

மரத்தடி:
இவ்வளவு எதற்கு? பழைய போர்டு ஒன்று வாங்கி மாட்டிவிடலாமே.

நூல்கண்டு:
அதிலும் அதே வயதுக் கெபாசிட்டர்தானே இருக்கும் சார்.

பாலிமர்பாண்டி:
சரி அக்கா, உங்கள் வழிக்கே வருகிறேன். மதர்போர்டுக்கென்றே செய்த 12 மில்லிஓம் திரவ வகைகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இன்று நம்பி வாங்கக்கூடிய பானாசோனிக்கின் எஃப்.எம் தொடர் மாதிரியானவை இந்த அளவில் சுமார் 20 மில்லிஓம். ஆறு போட்டால் 3.3 மில்லிஓம், அசலில் 2. பென்டியம் 4 ஒரேயடியாக 50 ஆம்பியர் இழுத்தால் வோல்டேஜ் 65 மில்லிவோல்ட் கூடுதலாகச் சரியும். இதிலும்தானே தொங்கும்?

மில்லிஓம்:
நியாயமான கேள்வி. ஆனால் இ.எஸ்.ஆர் இந்த அளவு கூடினால் சரிவு கூடுமே தவிர, பொதுவாக ஊசலாட்டம் வராது. சரிவை ஈடுகட்ட வழியும் உண்டு. நூல்கண்டு சார், சாக்கெட் ஓரமாகக் கெபாசிட்டர் வட்டம் அச்சிட்டு, துளை ஈயத்தால் அடைந்து காலியாக இருக்கும் இடங்கள் உண்டா? செலவைக் குறைக்கத் தயாரிப்பாளர்கள் அப்படி விடுவது வழக்கம். எட்டாகப் போட்டால் 2.5 மில்லிஓம், சரிவு 25 மில்லிவோல்ட்தான் கூடும்.

12 வோல்ட் பக்கம் பாண்டி சொல்வதை ஏற்கிறேன். அது கன்ட்ரோலர் அளந்து திருத்தும் சுற்றுக்குள் வராது, ரிப்பிள் கரண்ட், அதாவது வேகமாக ஏறி இறங்கும் மின்னோட்டம், கடுமையாக ஓடும் இடம். அங்கே 270 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் சாலிட் மூன்று போடுங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பக் கூடாது. உப்பாமலே காய்ந்துபோனவை நிறைய.

ரிச்சிதெருவாசி:
வாங்கும் இடம் பற்றி. எங்கள் சென்னை ரிச்சி தெருவிலும் சரி, ஆன்லைனிலும் சரி, மேலுறை மாற்றிய பழசும் போலியும் கலந்தே வருகின்றன. மௌசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். பழைய ஸ்டாக் வேண்டவே வேண்டாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 கணினிகளில் உப்பியவை நிச்சிகான் கெபாசிட்டர்கள். ஜப்பான் தயாரிப்பு, நல்ல பெயர், ஆனாலும் அந்த வருடங்களின் எச்.எம், எச்.என் தொடர்கள் மோசம். 2005-இல் டெல் அந்தப் பழுதுக்காகச் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பிராண்டோடு தொடரையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்.

நூல்கண்டு:
காலி வட்டம் இரண்டு இருக்கிறது! அப்படியானால் எட்டு எஃப்.எம், 12 வோல்ட் பக்கம் மூன்று சாலிட். என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன் உண்டு, போதுமா?

மில்லிஓம்:
போதாது. உள்ளே இருக்கும் கிரவுண்ட் செம்புத் தகடு சூட்டை இழுத்துக்கொள்ளும். 60 வாட், தடித்த முனை வேண்டும். கழற்றும் முன் காலில் புதிதாக 60/40 சால்டரிங் ஈயம் கொஞ்சம் சேருங்கள், அப்போது சூடு சுலபமாக இறங்கும். பிறகு ஒவ்வொரு காலாக மாற்றி மாற்றிச் சூடாக்கி அசைத்து எடுங்கள். பலமாக இழுத்தால் துளையின் உள்சுவர் பிய்ந்து, உள்ளடுக்கு இணைப்பு போய்விடும். துளை அடைத்திருந்தால், சூடாக்கிக்கொண்டே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசியை நுழையுங்கள். அதில் ஈயம் ஒட்டாது.

பாலிமர்பாண்டி:
என் போர்டாக இருந்தால் இன்னமும் எல்லாமே சாலிட்தான். அது இருக்கட்டும். எதையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள் சார். வட்டத்தில் நிறம் நிரப்பிய பாதி பெரும்பாலும் மைனஸ், ஆனால் சில தயாரிப்பாளர்கள் அதையே பிளஸுக்குப் போடுவார்கள். காலி வட்டங்களில் மல்டிமீட்டர் வைத்து, கிரவுண்டோடு சேர்ந்திருக்கும் துளை எது என்று பார்த்த பிறகே கெபாசிட்டரைச் செருகுங்கள்.