படி ஏறிய கால், கதவைத் தாண்டாத கால்: பினாங்கு உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

இழையைத் தொடங்கியவர், ஆயர் ஈத்தாம்

துணிச்சல் என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தைப்பூசமாகத்தான் இருக்கும். அலகு குத்திக் காவடி சுமப்பவர்களைச் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவன் நான். தண்ணீர்மலை உச்சியில் பாலதண்டாயுதபாணிக்குப் புதிய ஆலயம் எழுந்த 2012க்குப் பிறகு 2023 வரை, கோவிட் காலம் நீங்கலாக, ஆண்டு தவறாமல் அதன் 513 படிகளையும் பால்குடத்துடன் வெறுங்காலில் ஏறி வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் அரசு சுகாதாரக் கிளினிக்கின் கதவைத் தாண்டுவதற்கு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு கதவு இருந்திருந்தால், அதைத் தாண்டவைத்தவர் யார், அவர் அப்போது என்ன செய்தார் என்பதை இங்கே எழுதுங்கள். 'எல்லாம் நம் மனத்தில்தான் இருக்கிறது' என்பது போன்ற அறிவுரைகள் மட்டும் வேண்டாம். அவை தினமும் விடியற்காலையில் பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன.

என் தந்தைக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. முழங்காலுக்குக் கீழே அவருடைய வலக் காலை எடுத்தபோது எனக்கு 26 வயது. அறுவை முடிந்து வீடு திரும்பியவர், இல்லாத பாதத்தில் அரிக்கிறது என்று சொல்லி இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பார். பின்னாளில் எனக்கும் இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்து போகவேண்டி வந்தபோது, என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வேலையிடத்தில் நடந்த மருத்துவப் பரிசோதனைக்குப் பின், உடனே மருத்துவரைப் பார்க்கும்படி ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை நான்காக மடித்துச் சாமியறை நாள்காட்டிக்குப் பின்னால் செருகி வைத்தேன். மனைவி கேட்டபோதெல்லாம், 'நான்தான் தே ஓ கோசோங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடிக்கிறேனே' என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். அந்தத் தேநீரோடு இரண்டு ரொட்டி சானாய் உள்ளே போனதை அவளிடம் சொன்னதில்லை.

2023 தைப்பூசத்துக்கு முந்தைய நாள், டத்தோ கிராமாட் சாலையில் இரதத்தின் பின்னால் நடந்தேன். அந்தச் சாலையில் சிதறுகாய் உடைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தரையெல்லாம் ஓடும் இளநீரும் சில்லுமாக இருக்கும். மறுநாள் மலையேறி இறங்கி, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தண்ணீர் சிவப்பாக ஓடியதைப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு தேங்காய் ஓட்டுச் சில்லு கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு உள்ளே ஏறியிருந்தது. அதோடு எத்தனை படி ஏறினேன் என்று தெரியவில்லை. வலிக்கவே இல்லை. முருகன் அருள் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் நாள்காட்டியைக் கழற்றி, கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். காத்திருந்த நேரம் இரண்டரை மணி. உள்ளே இருந்த மிஸ்ஸிக்கு, அதாவது தாதிக்கு, என் மகள் வயதுதான் இருக்கும். புண்ணைச் சுத்தம் செய்து கட்டியபின், தடித்த தூண்டில் நரம்பைப் போன்ற ஒரு நைலான் இழையை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்க அண்ணே, பாதத்துல படும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். மூடிக்கொண்டேன். இரண்டு முறை 'ம்' சொன்னேன். அதன்பின் எதுவும் படவில்லை. வேறு யாரோ கூப்பிட்டிருப்பார்கள், போய்விட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். சற்று நேரம் கழித்து, "முடிஞ்சிருச்சு அண்ணே, கண்ணத் திறங்க" என்றார். பத்து இடங்களில் தொட்டாராம். எனக்கு எட்டியது இரண்டுதான்.

அப்போதுதான் அருள் என்று நான் நினைத்தது நரம்பு மரத்துப்போனதின் அறிகுறி என்பது விளங்கியது. என் தந்தையின் காலைப் பற்றி நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பெண்ணிடம் பேசினேன். வெளியே எண் ஓடிக்கொண்டிருந்தபோதும் அவர் குறுக்கிடாமல் கேட்டார், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அக்காவுக்கு இது தெரியுமா? இங்கிருந்தே ஒரு போன் போட்டுடுங்க" என்று மட்டும் சொன்னார். அக்கா என்றது என் மனைவியை. போட்டேன். அழைப்பு முடியும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மருந்து அலமாரியை அடுக்கினார். அது அடுக்க வேண்டிய அளவுக்குக் கலைந்திருக்கவில்லை என்பதைப் பின்னால் நினைத்துக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் இனிப்புநீர் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். அறிந்தும் அறியாதவர்போல் இருந்த என்னைப் போன்றவர்களை எந்தக் கணக்கில் சேர்த்தார்களோ! கிளினிக்குக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்து சர்க்கரை அளவைக் குறைத்துக் காட்டலாம் என்றும் எண்ணியிருந்தேன். எச்பிஏ1சி என்ற சோதனையில் அந்த வித்தை பலிக்காது. சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரையை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதக் கதையை அது சொல்லிவிடும். என் எண் 11.2. ஓராண்டுக்குப் பிறகு 7.4. இப்போதும் படி ஏறுகிறேன். முன்பு போல் வெறுங்காலுடன் அல்ல, மருத்துவர் அனுமதித்த காலணியுடன் மலையடிவாரம்வரை சென்று, மேலே காலுறையுடன். அதற்கும் எனக்குத் துணிச்சல் தேவைப்பட்டது. உறவினர்களின் பார்வை அப்படி.

மறுமொழி, பாயான் பாரு

ஐயா, மாத்திரையை நாள்தோறும் விழுங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று என் மாமியார் மருந்தை அலமாரியில் சேர்த்து வைத்திருக்கிறார். நீங்கள் இதைப் பற்றிக் கேட்டீர்களா?

இழையைத் தொடங்கியவர்

கேட்டேன். நம்மவர் அனைவரும் கேட்கும் முதல் கேள்வி அதுதானாம். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான் என்றார் மருத்துவர். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையின் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அதைக் கண்டு நம்மவர்கள் காரணத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். மாமியாரை அந்த மாத்திரைப் பைகளோடு அழைத்துச் செல்லுங்கள். எண்ணிப் பார்த்தாலே மருத்துவருக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

மறுமொழி, பிறை

என் கதவு ஒரு காரின் கதவு. 27 ஆண்டுகள் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்தே ஊரைப் பார்த்தவள் நான். அவர் காலமான பின், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டிய ஒவ்வொரு முறையும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. 51 வயதில் ஓட்டுநர் பள்ளியில் பெயர் கொடுத்தேன். கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக இருக்கவேண்டும். முதல் தடவை 38, இரண்டாம் தடவை 45. அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் வந்துவிடுகிறது. வராதது மேட்டில் நிறுத்திய வண்டியை மறுபடி எடுப்பது. கிளட்சை விட்டதும் இஞ்சின் நின்றுபோகும், என் கையும் காலும் நடுங்கும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபது வயதை நெருங்கிய ஒரு சீனர். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆன்டிக்கு எதைக் கண்டு பயம் என்று மலாயில் கேட்டார். வண்டியைக் கண்டு இல்லை, பின்னால் நிற்பவர் ஹார்ன் அடித்து என்னைத் திட்டிவிடுவாரே என்றுதான் பயம் என்றேன். அதை அவரிடம் சொன்னபோதுதான் எனக்கே அது தெரியவந்தது. அவர் சிரிக்கவில்லை. மறுநாள் இன்னொரு பயிற்சியாளரை அழைத்து, என் வண்டிக்குப் பின்னால் நின்று விடாமல் ஹார்ன் அடிக்கச் சொன்னார். என்னை மேட்டில் நிறுத்தி, வேண்டுமென்றே இஞ்சினை அணைய விடச் சொன்னார். ஒவ்வொரு முறை அணைந்ததும், "மாத்தி தாக் அப்பா, ஆன்டி, மூலா லாகி" என்பார். நின்றுபோனால் பரவாயில்லை, மறுபடி தொடங்கு என்று. ஒரு மணி நேரம் இதுவேதான் பாடம். ஆறாவதோ ஏழாவதோ முறை, காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உரிமம் கிடைத்த மூன்றாம் மாதம் பினாங்குப் பாலத்தில் ஏறினேன். மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலின் மேல். இடையில் இறங்கி நிற்க இடமில்லாத சாலை என்பதுதான் என்னை அத்தனை நாள் தடுத்திருந்தது. நடுவில் பாலம் உயரும் இடத்தில் காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. பக்கத்தில் இருந்த மகள் தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு, மறுகரை வரும்வரை வாயே திறக்கவில்லை. அவள் எனக்குச் செய்த பெரிய உதவி அது. புதிய ஓட்டுநர் என்பதைக் காட்டும் 'பி' ஒட்டுத்தாளை ஒட்டியிருக்கவேண்டிய இரண்டு ஆண்டுகள் எப்போதோ முடிந்துவிட்டன. நான் இன்னும் அதைக் கழற்றவில்லை. ஹார்ன் அடிப்பவர்களின் எண்ணிக்கை அதனால் சற்றுக் குறைவாக இருக்கிறது.

மறுமொழி, பாயான் லெப்பாஸ்

நான் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை பார்ப்பவன், வயது 29. எனக்கு நடந்ததைச் சுருக்கமாகவே எழுத முடியும். பல மாதங்களாகக் குளிப்பதே ஒரு பெரிய வேலையாக இருந்தது. என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் 'ஏன்' என்று கேட்டார்கள். ஏன் இப்படி இருக்கிறாய், ஏன் பேசமாட்டேன் என்கிறாய், காதல் தோல்வியா, கடனா. என்னிடம் பதில் இல்லாததால், பதில் இல்லாத ஒன்று நோயாக இருக்க முடியாது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

2024 தொடக்கத்தில் ஒரு நாள் காலை, வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தபோது, சுகாதார அமைச்சின் 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணை அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் மலாயில் பேசினார். மனம் சரியில்லை என்பதற்கு மலாயில் சொல் வராமல், "சாயா பெனாட்", களைப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. தீபாவளியிலிருந்து. அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு மற்றவை வந்தன.

அவர் சொன்னபடி கிளினிக்குக்குப் போனேன். 21 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று குறிக்கச் சொன்னார்கள். சில கேள்விகளுக்கு உண்மையைக் குறிக்கத் தயங்கினேன். தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவில் சிறைக்குரிய குற்றம் என்று எங்கோ படித்திருந்ததால், அத்தகைய எண்ணத்தைச் சொன்னாலே போலீஸ் வருமோ என்று பயம். அந்தப் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதை மருத்துவர்தான் சொன்னார். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், முதலில் குமட்டலும் வாய் உலர்வும்தான் தெரியும் என்றும் முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியே நடந்தது. அவர் சொல்லாமல் விட்டிருந்தால் பத்தாம் நாளே நிறுத்தியிருப்பேன். அம்மா கோயிலிலிருந்து கொண்டுவந்து கட்டிய கயிறு என் கையில் இருக்கிறது. மாத்திரையும் பையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யவில்லை.

மறுமொழி, ரைபிள் ரேஞ்ச்

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: இங்கே எழுதியவர்களின் கதவுகள் ஏற்கெனவே திறந்திருந்தன, அவர்கள்தான் உள்ளே போகவில்லை. கையில் காசில்லாதவனுக்கு அப்படி இருப்பதில்லை. நான் பள்ளி வேன் ஓட்டுபவன். கோவிட் காலத்தில் பள்ளிகளை மூடியபோது என் வருமானம் குறையவில்லை, நின்றே போனது. 2021 ஜூனில் மறுபடியும் முழு முடக்கம் வந்தது. அந்த மாதக் கடைசியில், உணவில்லாதவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள், அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது.

என் வீட்டில் வெள்ளையாக இருந்த ஒரே பெரிய துணி என் திருமண வேட்டி. அதை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் அவிழ்த்தேன். இரவில் மறுபடி கட்டினேன், இருட்டில் யாருக்கும் தெரியாது என்பதால். விடிவதற்குள் அவிழ்த்துவிட்டேன். இருக்கிற அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று மனைவி கேட்டாள், அவ்வளவுதான். மூன்றாம் முறை பகல் பதினொரு மணிக்குக் கட்டிவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அரிசி வந்துவிட்டது, யார் முகத்தில் விழிக்கப்போகிறேனோ என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். அதே மாடியில் ஐந்தாவது வீட்டு அம்மா நின்றிருந்தார். தையல் வேலை செய்பவர், பேரப்பிள்ளைகள் இருவரை வளர்ப்பவர். கையில் எதுவும் இல்லை. முகக்கவசத்துக்கு மேல் கண்களைத் தரையில் பதித்தபடி, "தம்பி, உங்க வீட்டுல இன்னொரு வெள்ளைத் துணி இருக்குமா? என்கிட்ட இருக்கிறதெல்லாம் கலர்த் துணிதான்" என்று கேட்டார்.

ஜன்னலுக்குப் போய் வேட்டியை அவிழ்த்து, அவருடைய கத்தரிக்கோலாலேயே குறுக்கே வெட்டினோம். தையல்காரர் என்பதால் ஓரத்தை மடித்துத் தைத்துத் தரட்டுமா என்றுகூடக் கேட்டார். அன்று பிற்பகல் எங்கள் மாடியில் இரண்டு கொடிகள் இருந்தன. அரிசி மறுநாள் வந்தது.