கதவைப் பிடித்து நின்ற ஹோடோர்: அந்த அத்தியாயத்தை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

புதூரிலிருந்து

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர், ஆறாவது பருவம், ஐந்தாவது அத்தியாயம். பெயர் 'த டோர்'. 2016 மே 22 ஞாயிறு இரவு அமெரிக்காவில் ஒளிபரப்பானது. நமக்கு அது திங்கள் காலை ஆறரை மணி. கடைசிப் பருவம் வரைக்கும் பேசப் போகிறோம், ஆகவே தொடரை முழுதும் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமைதான் ஜெயலலிதா மீண்டும் முதல்வராகப் பதவியேற்றார். வீட்டில் பெரியவர்கள் காலையிலேயே தொலைக்காட்சிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டதால், நானும் தம்பியும் மடிக்கணினியோடு மாடி அறைக்குப் போய்விட்டோம். ஜியோ வராத காலம், டேட்டா பொன்னாக இருந்தது. வெளியே அக்னி நட்சத்திரம், திரையில் பனி.

மற்ற கிளைக்கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சான்சா, தன்னை ராம்சேவிடம் ஒப்படைத்த லிட்டில்ஃபிங்கரை எதிரே நிறுத்தி, 'அவன் என்னை என்ன செய்தான் என்று நீயே சொல்' என்று கேட்கிறாள். ஆர்யா, தன் அப்பாவின் தலை வெட்டப்பட்டதை ஊரார் கைதட்டிச் சிரிக்கும் கூத்தாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரும்புத் தீவில் யூரான் அரசனாகிறான், யாராவும் தியோனும் கப்பல்களோடு தப்புகிறார்கள். கல்தோல் நோய் தொற்றிய ஜோராவை டெனேரிஸ், 'குணமாக ஒரு வழியைக் கண்டுபிடித்துத் திரும்பி வா' என்று அனுப்புகிறாள். இந்தக் காட்சியில் தம்பி கண்ணைத் துடைத்தான். இதைவிடப் பெரியது பின்னால் வருகிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

வடக்கே, வீர்வுட் மரத்தின் வேர்களுக்கு அடியில் உள்ள குகையில், கால் விளங்காத சிறுவன் பிரான் இருக்கிறான். அவனால் பிறர் உடலுக்குள் மனத்தால் புக முடியும். அவனைச் சுமந்துவந்த, 'ஹோடோர்' என்ற ஒரே சொல்லைப் பேசும் ஹோடோரும் தோழி மீராவும் கூட இருக்கிறார்கள். பிணங்களை எழுப்பிப் படை நடத்தும் வைட் வாக்கர்களை உருவாக்கியது யார் என்பதை இந்த அத்தியாயத்தில்தான் பார்க்கிறான். மனிதர்களிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளக் காட்டின் மைந்தர்கள்தான், மரத்தில் கட்டிவைத்த ஒருவனின் மார்பில் கருங்கண்ணாடிக் கல்லை இறக்கி அவர்களை உண்டாக்குகிறார்கள். பிறகு பிரான், கடந்த காலக் காட்சிகளை அவனுக்குக் காட்டும் ஆசானான முதியவர் உறங்கும் நேரத்தில் தனியாக வேர்களைப் பிடித்துக் காட்சிக்குள் போய்விடுகிறான். அங்கே வைட் வாக்கர்களின் தலைவன் நைட் கிங் அவன் கையைப் பற்றுகிறான். அந்தத் தழும்பு விழுந்த பிறகு குகையின் காப்பு போய்விடுகிறது. பிணப்படை வாசலுக்கே வருகிறது.

அதன் பின் வரும் நிமிடங்களைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். ஆபத்து நெருங்கும் வேளையில் முதியவர் பிரானைப் பழைய விண்டர்ஃபெல் முற்றத்துக்கு அழைத்துப் போகிறார். பிரானின் அப்பா நெட், சிறுவனாக ஊரை விட்டுப் புறப்படுகிறான். பக்கத்தில் சிறுவயது ஹோடோர், குதிரை லாயத்துப் பையன் வைலிஸ் நிற்கிறான். அவனுக்குப் பேச்சு நன்றாக வரும். அதே நேரம் குகையில் மீரா கத்துகிறாள்: ஹோடோர் வேண்டும், எழுந்திரு, அவனுக்குள் போ. அந்தக் குரல் இங்கே கேட்கிறது. முதியவரும் 'உன் தோழி சொல்வதைக் கேள்' என்கிறார். பிரான் அந்த முற்றத்தில் நின்றபடியே குகையில் இருக்கும் ஹோடோருக்குள் நுழைகிறான். சம்மர் என்ற ஓநாய் சாகிறது. முதியவர் வெட்டப்படுகிறார். காட்டின் மைந்தர்களில் ஒருத்தியான லீஃப் தன்னையே வெடிக்கவைத்துக்கொண்டு பாதையைத் தடுக்கிறாள். ஹோடோர் பின்வாசலுக்கு வந்து, வெளியே போனதும் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நிற்கிறான். பனிக்குள் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டே மீரா, கதவை விடாதே, கதவை விடாதே என்று கத்துகிறாள். பழைய முற்றத்தில் வைலிஸின் கண்கள் வெளுக்கின்றன. தரையில் விழுந்து துடிக்கிறான். மீரா ஆங்கிலத்தில் கத்தும் 'ஹோல்ட் த டோர்' என்ற அந்த மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். சொல்லச் சொல்ல அவை தேய்ந்து 'ஹோடோர்' என்று ஆகின்றன. அவன் வாழ்நாள் முழுவதும் பேசப்போகும் ஒரே சொல் அதுதான்.

ஜாக் பெண்டர் இயக்கிய அத்தியாயம் இது. எம்மி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார். அவர் செய்த பெரிய காரியம், பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும் கைகளையும் தரையில் துடிக்கும் சிறுவனையும் மாறி மாறிக் காட்டி, இரண்டும் ஒரே சாவு என்று நம்மை உணரவைத்தது. முதல் பருவத்திலிருந்து நாம் சிரித்துக் கடந்துவந்த ஒரு சொல்லுக்குள் இந்தக் கொடுமை இருந்திருக்கிறது.

எல்லோரும் இதைத் தியாகம் என்கிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. அவனிடம் யாரும் கேட்கவில்லை. நான்காவது பருவத்திலேயே பிரான் அவன் உடலுக்குள் புகுந்து லாக் என்பவனைக் கொல்லவைத்தான். அதற்குப் பிறகு ஹோடோர் தன் கையிலிருந்த ரத்தத்தைப் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டீர்களா? அன்று கையைப் பறித்தவன் இன்று முழு ஆயுளையும் பறித்துக்கொண்டான். நீங்கள் பார்த்த அனுபவத்தை எழுதுங்கள். பிரான் செய்தது சரி என்று நினைப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கம்

புதூர் சகோதரிக்கு வணக்கம். நான் பிரான் பக்கத்திலிருந்து பேசுகிறேன், ஏனென்றால் நானும் சுமக்கப்பட்டவன்.

குழந்தையாக இருந்தபோதே போலியோ. ஐந்தாம் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தோளில் தூக்கிப் போனவர் தாய்மாமா. ஓடையில் தண்ணீர் வந்தாலும் தூக்கிப் போவார். 'மாமாவுக்குப் பிள்ளை மேல் உயிர்' என்று ஊர் சொல்லும். சுமக்கப்படுகிறவனுக்கு, 'என்னை இறக்கிவிடுங்கள்' என்று சொல்லும் வசதி கிடையாது. சொன்னால் அடுத்த அடி எங்கே வைப்பது? பிரானும் ஒரு சிறுவன். ஒன்பதோ பத்தோ வயதில் கோபுரத்திலிருந்து தள்ளப்பட்டவன். ஹோடோரின் முதுகில் ஏறியதும் பிரான் கேட்டு நடந்ததில்லை.

நான் இந்த அத்தியாயத்தை 2019இல், கடைசிப் பருவம் ஓடிக்கொண்டிருந்த சமயம், மதுரைக்கு வரும் பஸ்ஸில் போனில் பார்த்தேன். செக்கானூரணி தாண்டும்போது அந்தக் கதவுக் காட்சி. ஆரப்பாளையத்தில் இறங்கியதும் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மாமாவுக்குப் போன் செய்தேன். 'மாமா, நான் இல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வேறு எங்காவது போயிருப்பீர்களா?' என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, 'கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்குக் கூப்பிட்டார்கள். போயிருப்பேன்' என்றார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்காக அவரை இன்னும் அதிகமாக மதிக்கிறேன். 'யாராவது உங்களைக் கேட்டார்களா மாமா?' என்றேன். 'யார் கேட்பார்கள்? உன் அம்மா உன்னை என் கையில் கொடுத்தாள், தூக்கினேன்' என்றார்.

அதனால் ஹோடோரை யாரும் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அந்தக் காட்சியில் பிரானின் முகத்தையும் பாருங்கள். துடிக்கும் சிறுவனுக்கு முன்னால் நிற்கும்போது, இவன் இப்படி ஆனதற்கு நான்தான் காரணம் என்பது அவனுக்குப் புரிந்துவிடுகிறது. ஓடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நமக்காக ஒருவர் எதை விட்டார் என்பதை நேருக்கு நேர் பார்ப்பது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். தொடர் அதை மறைக்கவில்லை. இதற்காகவே நான் அந்த அத்தியாயத்துக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

திருநகர், கல்லூரி மாணவி

நான் ஊரடங்குக் காலத்தில்தான் பார்த்தேன். ஹோடோர் ரகசியம் முன்பே காதில் விழுந்திருந்தது. தெரிந்தும் அழுதேன். எனக்கு ஒரு கேள்வி மட்டும். வைலிஸ் ஹோடோராக ஆகாமல் இருந்திருந்தால் பிரானைச் சுமந்திருக்கவே மாட்டான், குகைக்கும் வந்திருக்க மாட்டான். பிரான் செய்வதற்கு முன்பே அது நடந்து முடிந்திருக்கிறது. கடந்த காலத்தை மாற்ற முடியாது என்று முதியவர் எத்தனையோ முறை எச்சரித்தார். பிரான் எதையும் மாற்றவில்லை, ஏற்கெனவே நடந்ததைத்தான் நடத்திவைத்தான். அப்படியானால் குற்றம் யாருடையது? அக்கா, நீங்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

அப்பன்திருப்பதி

எங்கள் வீட்டில் இதைப் பார்த்தபோது அப்பத்தாவும் கூட இருந்தார். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. பேய்கள் வருகின்றன என்றதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஹோடோர் கதவில் முதுகைக் கொடுத்ததும், 'இவன் காவல்காரன்' என்றார். காட்சி முடிந்தபின் அவர் கேட்ட கேள்வி இன்றுவரை எனக்குள் இருக்கிறது: 'அவனுக்கு அந்த ஊரில் கோயில் கட்டினார்களா? என்ன படையல் போட்டார்கள்?'

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கேள்வி இயல்பாக வரும். அழகர்கோயில் ராஜகோபுரத்தில் கதவுதான் சாமி. பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அங்கே சிலை கிடையாது. மூடிய அந்தப் பெரிய கதவுகளுக்குச் சந்தனம் சாத்தி, அவற்றையே கும்பிடுகிறோம். மலையாள நாட்டிலிருந்து அழகரின் சக்தியைக் களவாட வந்தவர்கள் பதினெட்டுப் பேர், அவர்களோடு வந்த காவல் தெய்வம் கருப்பன். அழகரின் அழகில் சொக்கி இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டான் என்பது கதை. வந்தவர்கள் பதினெட்டுப் படிகளுக்கு அடியில் போனார்கள். இவன் வாசலுக்குச் சொந்தக்காரன் ஆனான். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது இவனிடம் சொல்லிக்கொண்டுதான் புறப்படுவார். சுற்றுவட்டாரத்தில் எந்த வழக்கானாலும் அந்தக் கதவுக்கு முன்னால் சத்தியம் செய்யச் சொன்னால் பொய் சொல்ல ஆள் வராது. ஆள் உயர அரிவாள்களை நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வாசலில் நிற்பவனுக்கு இந்த நாட்டில் முதல் மரியாதை.

இப்போது கடைசி அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். யாரை அரசனாக்குவது என்று பிரபுக்கள் கூடியிருக்கிறார்கள். டிரியன் எழுந்து பிரானின் கதையைச் சொல்கிறான். உயரமான கோபுரத்திலிருந்து விழுந்து பிழைத்தவன், நடக்க முடியாது என்று தெரிந்ததும் பறக்கக் கற்றுக்கொண்டவன், கால் விளங்காத சிறுவனாக வடக்கு எல்லைப் பெருஞ்சுவரைத் தாண்டிப் போனவன் என்கிறான். சபை ஒத்துக்கொள்கிறது, பிரான் அரசனாகிறான். சுவரைத் தாண்டியது யாருடைய கால்கள்? அந்தப் பேச்சில் ஹோடோர் என்ற பெயர் வரவில்லை. நல்ல கதையைவிட வலிமையானது எதுவும் இல்லை என்று சொல்லி, சுமந்தவனை விட்டுவிட்டு ஒரு கதையைச் சொல்லி முடிசூட்டுகிறார்கள். அப்பத்தாவின் கேள்விக்குத் தொடர் கொடுத்த பதில் இதுதான். கடைசிப் பருவத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த ஒன்றுதான் ஆறவில்லை.

புதூரிலிருந்து

உசிலம்பட்டி அண்ணன் எழுதியதைத் தம்பிக்கும் அனுப்பினேன். மாமா 'போயிருப்பேன்' என்று சொன்ன இடத்தில் இருவருக்குமே பேச்சு வரவில்லை. அவரை வணங்குகிறேன்.

திருநகர்த் தங்கைக்கு: நடந்து முடிந்தது என்பதால் குற்றம் இல்லாமல் போகாது. மாற்ற முடியாத ஒன்றைச் செய்தவனும் செய்தவன்தான். ஆனால் அந்தக் கணக்கில் பிரானை மட்டும் எழுத மாட்டேன். 'உன் தோழி சொல்வதைக் கேள்' என்று சொன்ன முதியவரைப் பாருங்கள். ஆயிரம் ஆண்டு அறிவு உள்ளவர். பக்கத்தில் வைலிஸ் நிற்பதை அறிந்தவர். கண நேரத்தில் முடிவெடுக்கச் சொல்லி ஒரு பையன் தலையில் கட்டிவிட்டு அவர் பொடியாகக் கரைந்து போகிறார். பிரானின் மேல் இருக்கும் என் கோபத்தில் பெரும்பங்கு அவருக்குப் போக வேண்டும். நாவலாசிரியரே தயாரிப்பாளர்களிடம் முன்கூட்டிச் சொன்ன திருப்பம் இது. புத்தகத்தில் அந்த இடம் வரும்போது முதியவரின் நோக்கம் தெளிவாகும் என்ற நம்பிக்கையில் காத்திருக்கிறேன்.

அப்பன்திருப்பதித் தம்பி, அந்தச் சபைக் காட்சியை நான் இப்படிப் பார்த்ததே இல்லை. அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

திருநகர், கல்லூரி மாணவி

பதிலுக்கு நன்றி அக்கா. மீராவைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லையே? கதவை விடாதே என்று கத்தியவள் அவள். ஹோடோர் சாகட்டும் என்று முடிவெடுத்தவளும் ஒரு வகையில் அவள்தான். அவன் வரமாட்டான் என்று தெரிந்தும் பனிப்புயலில் அந்தச் சறுக்குவண்டியைத் தனியாளாக இழுத்தாள். தம்பி ஜோஜனை ஏற்கெனவே பறிகொடுத்தவள் வேறு.

ஏழாவது பருவம், நான்காவது அத்தியாயத்தை மறுபடி பாருங்கள். பிரானை வீடு சேர்த்துவிட்டு விடைபெற வருகிறாள். அவன் உணர்ச்சியே இல்லாமல் நன்றி சொல்கிறான். ஜோஜன், ஹோடோர், சம்மர் எல்லோரும் உனக்காகச் செத்தார்கள் என்று அவள்தான் பெயர் சொல்லி நினைவுபடுத்துகிறாள். அந்தக் குகையில் நீயும் செத்துப்போனாய் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டுக் கிளம்புகிறாள். எட்டாவது பருவத்தில் அவள் வரவே இல்லை. அந்த விடைபெறும் காட்சியைப் பற்றி எழுத ஆசை உள்ளவர்கள் அடுத்து எழுதுங்கள்.