புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் மல்டிஃபியூல் ஸ்டவ்: எதை வாங்குவது?

குளிர்தாங்கி:

எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது) எங்களுடையது. முன் அறையில் பழைய கணப்பை யாரோ பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள், மேலே புகைபோக்கி அப்படியே நிற்கிறது. போன ஜனவரியில் பாய்லர் நாலு நாள் படுத்துவிட்டது, அம்மா இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, ஒரு ஸ்டவ் வைத்தே தீருவது என்று முடிவு செய்துவிட்டேன். கவுன்சில் தளத்தில் போஸ்ட்கோட் போட்டுப் பார்த்தால் நாங்கள் இருப்பது புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி, அதாவது வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை விடக் கட்டுப்பாடு உள்ள இடம். கடைக்குப் போனேன், ஒரு 8 கிலோவாட் மல்டிஃபியூல் ஸ்டவ்வைக் காட்டி "இது ஈகோடிசைன் சார், எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், விறகும் போடலாம் கரியும் போடலாம்" என்றார் அங்கிருந்தவர். அவ்வளவு எளிதா? அறை 4.5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், உயரம் 2.4. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையகணப்பு:

தம்பி, கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லி நிறுத்திவிட்டார். ஈகோடிசைன் என்பது 2022 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் புது ஸ்டவ் எல்லாமே தாண்ட வேண்டிய தரம், ஆகவே அது இருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத் தேவையானது வேறு, டெஃப்ரா என்ற சுற்றுச்சூழல் துறையின் விலக்குப் பட்டியலில், அதாவது இந்தப் பகுதிகளில் எரிக்க அனுமதித்த ஸ்டவ்களின் பட்டியலில், அந்த ஸ்டவ் இருக்க வேண்டும். இது 1993ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தின் கீழ் வருவது. ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வந்துவிடாது.

அரசு இணையதளத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. கம்பெனிப் பெயரோடு நிறுத்தாமல் மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள், ஏனென்றால் ஒரே ஸ்டவ்வுக்கு விலக்கு உள்ள வகை, இல்லாத வகை என்று இரண்டு இருக்கும், பெயரின் கடைசியில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். மாடலுக்குப் பக்கத்திலேயே எந்த எரிபொருளுக்கு விலக்கு என்றும் போட்டிருக்கும். பெரும்பாலான மல்டிஃபியூல் ஸ்டவ்களுக்கு அங்கே விறகு மட்டும்தான் இருக்கும். அப்படியென்றால் கரி போடக்கூடாதா? போடலாம், ஆனால் அது அங்கீகரிக்கப்பட்ட புகையில்லாக் கரியாக இருக்க வேண்டும். அந்தக் கரியை எந்த அடுப்பிலும் எரிக்கலாம், அதற்கு ஸ்டவ்வின் விலக்கே தேவையில்லை. ஆந்திரசைட் என்ற கடின நிலக்கரி இயல்பிலேயே புகை குறைந்தது, அதுவும் சரி. முன்பு வீடுகளில் எரித்த சாதாரண நிலக்கரியை மறந்துவிடுங்கள், இங்கிலாந்தில் மூட்டையில் விற்பதை 2021 மே மாதமும், உதிரியாக விற்பதை 2023 மே மாதமும் நிறுத்திவிட்டார்கள்.

விலக்குப் பெற்ற ஸ்டவ்வின் மேல் காற்றுத் திறப்பை முழுக்க மூட முடியாது. உள்ளே ஒரு சின்ன ஆணியோ தகடோ தடுக்கும். என் பக்கத்து வீட்டுக்கு ஸ்டவ் மாட்ட வந்தவர் "இது இல்லாவிட்டால் இரவெல்லாம் எரியும்" என்று அதைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார், அதோடு விலக்கும் போச்சு. புகை வெளியேறினால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

நெருப்புக்கோழி:

எட்டு கிலோவாட்டா! வேண்டாம் தம்பி, உங்கள் அக்காவாகச் சொல்கிறேன். நான் அதே தப்பைச் செய்தவள். உங்கள் அறையின் கன அளவு 43 கன மீட்டர் சொச்சம், அதை 14ஆல் வகுத்தால் 3 கிலோவாட் வருகிறது. சுமாரான காப்புள்ள வீட்டுக்கு இங்கே எல்லோரும் போடும் கணக்கு அதுதான். ஜன்னல் பழசு, கதவிடுக்கில் காற்று வருகிறது என்றால் 4, மிஞ்சிப் போனால் 5.

பெரிசாக வாங்கினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். முதல் வாரம் அறை வெந்துவிட்டது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்புறம் காற்றைக் குறைத்தேன். நெருப்பு மங்கி, கண்ணாடி ஓரத்திலிருந்து பழுப்பாகி, மறுநாள் காலையில் தார் பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது. ஈரத் துணியைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனிகள் ஒரு மாதம் கறுப்பு. கண்ணாடியில் படிவதுதான் புகைபோக்கிக்குள்ளும் படியும், அதுதான் பின்னால் தீப்பிடிப்பது. சின்ன ஸ்டவ்வைச் சூடாக எரிப்பதுதான் சுத்தம், பெரிய ஸ்டவ்வைப் புகைய விடுவது அல்ல. உங்கள் வீட்டைப் போன்ற பழைய வீடுகளில் 5 கிலோவாட்டுக்கு மேல் போனால் சுவரில் நிரந்தரக் காற்றுத் துளை வேறு போட வேண்டும்.

விறகு விஷயம்: சின்ன அளவில் வாங்கினால் "ரெடி டு பர்ன்" முத்திரை இருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் என்று அர்த்தம். மொத்தமாக வாங்கினால் ஒரு ஈரமானி வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கட்டையின் வெளித்தோலில் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் நடுவில் குத்துங்கள். என்னிடம் வெளியே 16 காட்டிய ஓக் கட்டை உள்ளே 29 காட்டியது. காய்ந்த கட்டைகள் இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரக் கட்டை தொப் என்று விழும்.

மூச்சுவிடுகிறேன்:

ஒரு மாற்றுக் கருத்து. எனக்கு ஆஸ்துமா. விலக்கு பெற்றது, ஈகோடிசைன் என்று என்ன பெயர் வைத்தாலும் கட்டை எரிந்தால் நுண்துகள் வரத்தான் செய்யும், கதவைத் திறந்து கட்டை போடும்போதெல்லாம் கொஞ்சம் அறைக்குள்ளும் வரும். 1952 டிசம்பரில் அஞ்சு நாள் இந்த ஊரை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள், அதனால்தான் 1956இல் முதல் சட்டமே வந்தது. பாய்லர் நாலு நாள் படுத்ததற்கு இரண்டு மின் ஹீட்டர் வாங்கி வைத்தால் போதாதா?

பழையகணப்பு:

இவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இதற்கு நான் வாதாடப் போவதில்லை. வீட்டில் யாருக்காவது மூச்சுப் பிரச்சினை இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

குளிர்தாங்கி:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு மூச்சுப் பிரச்சினை இல்லை, ஆனாலும் தினமும் எரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன், கடும் குளிருக்கும் கரண்ட் போகும் நாளுக்கும் மட்டும். இரண்டு மின் ஹீட்டரும் வாங்கப் போகிறேன். 8ஐ விட்டு 4 கிலோவாட் பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம், மல்டிஃபியூல் தேவையா, விறகு ஸ்டவ் மட்டும் போதுமா?

பழையகணப்பு:

கரி போடுவீர்களா மாட்டீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கரிக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும், அதனால்தான் மல்டிஃபியூலில் கம்பித் தட்டும் சாம்பல் தட்டும் இருக்கின்றன. விறகு அதற்கு நேர்மாறு, சாம்பல் மெத்தையில் உட்கார்ந்து மேலிருந்து வரும் காற்றில் எரிவதுதான் அதற்குப் பிடிக்கும். இரண்டும் செய்யும் ஸ்டவ் இரண்டிலும் கொஞ்சம் விட்டுக்கொடுத்ததுதான். எப்போதாவதுதான் எரிப்பேன், தோட்டத்துக் கொட்டகையில் விறகைக் காய வைக்க இடம் இருக்கிறது என்றால் விறகு ஸ்டவ்வே போதும். இடம் இல்லை, ஒரு மூட்டை கரியை மூலையில் வைத்துக்கொள்வதுதான் வசதி என்றால் மல்டிஃபியூல்.

கரி போடுவதானால் புகைபோக்கிக்குள் இறக்கும் ஸ்டீல் குழாய் 904 தரமாக இருக்கட்டும், 316 விறகுக்குத்தான் சரி. கரியையும் விறகையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் போடாதீர்கள், விறகின் ஈரமும் கரியின் கந்தகமும் சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். விலக்குப் பெற்ற ஸ்டவ் என்றால் 5 அங்குலக் குழாய் போதும், விலக்கு இல்லாததில் விறகு எரிக்க 6 வேண்டும். உங்கள் பழைய புகைபோக்கியின் வளைவில் அந்த ஒரு அங்குலம் பெரிய விஷயம்.

நெருப்புக்கோழி:

மாட்டுபவர் ஹீட்டாஸ் போன்ற, ஸ்டவ் மாட்டுபவர்களைப் பதிவு செய்யும் அமைப்பில் பதிவு உள்ளவரா என்று கேளுங்கள், இல்லையென்றால் வேலை தொடங்குமுன் கவுன்சில் கட்டிடப் பிரிவுக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டியிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஸ்டவ்விலிருந்து 1 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையில் மாட்டுங்கள். என் வீட்டுக்காரர் அதை ஸ்டவ்வுக்கு நேர் மேலே மாட்டி வைத்திருந்தார், மாட்ட வந்தவர் பார்த்துச் சிரித்துவிட்டுக் கழற்றி எதிர்ச் சுவருக்கு மாற்றினார்.

குளிர்தாங்கி:

சரி அக்கா. பலகையை நாளைக்கு எடுக்கிறேன், புகைபோக்கி சுத்தம் செய்பவர் சனிக்கிழமை வருகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன், போன வருஷம் அங்கிருந்து புறா முனகல் கேட்டது.