அம்மா நடந்துபோக ஒரு வீடு

குழு: நம் குடும்பம்
சனிக்கிழமை

நான்: மயிலாப்பூரில் ஒரு வீடு பார்த்துவிட்டு வருகிறேன். தெற்கு மாட வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இரண்டு பெட்ரூம், 780 சதுர அடி, முதல் மாடி. வாடகை 32,000, மெயின்டனன்ஸ் 2,000. பழைய கட்டடம், லிஃப்ட் இல்லை.

அண்ணா: இதே காசுக்கு மேடவாக்கத்தில் லிஃப்ட், கார் பார்க்கிங்கோடு 1,100 சதுர அடி கிடைக்கும் பாப்பா. அம்மா முழங்காலுக்கு மாடி எதற்கு?

நான்: படிகளை எண்ணினேன் அண்ணா, 18. கைப்பிடி உறுதியாக இருக்கிறது. இப்போது இருக்கும் வீட்டிலும்தான் லிஃப்ட் இருக்கிறது. கீழே இறங்கி அம்மா எங்கே போக முடிகிறது? கறிவேப்பிலை வாங்கக்கூட நான் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறார். அதைப் பார்த்தால் எனக்கு மனசே கேட்கவில்லை.

சித்தி: சரியாகச் சொன்னாய். அக்கா போனில் பேசும்போதெல்லாம் "வெளியே போயே நாலு நாள் ஆச்சு" என்கிறாள்.

நான்: வாசலிலிருந்து நானே நடந்து பார்த்தேன் சித்தி. மருந்துக்கடை தெருமுனையிலேயே. மாட வீதிக் காய்கறிக் கடைகளுக்கு 4 நிமிடம். அப்படியே கபாலீஸ்வரர் கோயிலுக்கும் போய்விடலாம். இதில் எதற்கும் ஆர்.கே. மட் ரோட்டைக் கடக்க வேண்டாம். அதற்காகவே இந்தப் பக்கத்துத் தெருக்களாகத் தேடினேன். எனக்குத் திருமயிலை ஸ்டேஷன் 15 நிமிடம், ரயில் ஏறினால் என் ஆபீஸ் இருக்கும் தரமணி ஏழாவது ஸ்டேஷன்.

அண்ணா: லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்களே?

நான்: ஆமாம், அந்தப் பக்கம் நடப்பது சிரமம்தான். நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு அம்மாவை இப்போதைக்கு நான்தான் கூட்டிப்போக வேண்டும். தெருவிலும் சில இடங்களில் பிளாட்பாரத்தில் பைக் நிற்கிறது, ரோட்டில் இறங்கித்தான் போக முடியும். ஆனால் தெரு அகலம் குறைவு, வண்டிகள் வேகமாகப் போக முடியாது.

பெரியப்பா: அட்வான்ஸ் எவ்வளவும்மா?

நான்: பத்து மாதம் கேட்கிறார் பெரியப்பா.

பெரியப்பா: அதிகம். 2017 வாடகைச் சட்டப்படி, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசுவதை முன்னாலேயே பேசு. 11 மாத அக்ரிமென்ட் ஆனாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். காலி செய்யும்போது பெயிண்டிங் யார் செலவு என்பதையும் எழுதச் சொல்.

நான்: அதை மறக்கவே மாட்டேன். போன வீட்டில் பெயிண்டிங் என்று சொல்லி ஒன்றரை மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்தில் எதுவுமே இல்லை, வாதாட முடியவில்லை.

சித்தி: தண்ணீர்?

நான்: மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர், கீழே தரைத்தொட்டிக்கு வருகிறது. போர் தண்ணீர் குளிக்க, துவைக்க மட்டும். குழாயைத் திறந்து வாயில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

பெரியப்பா: ஈபி மீட்டர் தனியா? இரண்டு மாதத்துக்கு இவ்வளவு யூனிட் என்று அரசு இலவசமாகத் தருகிறது, அது உனக்கு வந்து சேர வேண்டும். ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அது போய்விடும்.

நான்: தனி மீட்டர்தான். கார்டைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சித்தி: பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலம் அன்று தெருவுக்குள் ஆட்டோ வராது. அதையும் தெரிந்துகொள்.

அம்மா: அறுபத்துமூவர் அன்று எனக்கு ஆட்டோ எதற்கு? வாசலில் நின்றுவிட்டு அப்படியே நடந்து போய்ப் பார்ப்பேன்.

அண்ணா: அம்மா, உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

அம்மா: பார்க்காமல் எப்படிச் சொல்வேன்? நாளைக்குக் கூட்டிப்போகச் சொல். அந்த 18 படியும் நானே ஏறுகிறேன். அப்புறம் மாட வீதி வரை தனியாகப் போய்வருகிறேன். யாரும் கையைப் பிடிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: அட்வான்ஸை ஐந்து மாதத்துக்குக் குறைத்துக்கொண்டார். பெயிண்டிங்குக்கு ஒரு தொகை பேசி எழுதச் சொல்லியிருக்கிறேன். அம்மா படி ஏறும்போது நடுவில் ஒருமுறை நின்றார். கீழே இறங்கி மாட வீதிக்குப் போனவர் முக்கால் மணி நேரமாக வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை.

சித்தி: ஐயோ, என்ன ஆயிற்று?

அம்மா: கீரை ஆய்ந்து தருகிறேன் என்றாள், நின்றேன். வெண்டைக்காய் பிஞ்சாக இருந்தது, அரைக் கிலோ வாங்கினேன். வந்துகொண்டிருக்கிறேன். ஓனரைப் போகவிடாதே, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடு.