மெய்நிகர் சூழல் இயங்குவதாகக் காட்டுகிறது. பிப் மட்டும் கேட்க மறுக்கிறது

கேள்வி:
உபுண்டு 24.04, பைத்தான் 3.12. வென்வ் (ஒரு திட்டத்துக்கென்று தனிப் பைத்தான் இடம் அமைக்கும் கருவி) கொண்டு உருவாக்கிய மெய்நிகர் சூழல் நேற்றுவரை ஒழுங்காக இயங்கியது. இன்று ஆக்டிவேட் செய்தால் டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் அதன் பெயர் வருகிறது. ஆனால் பிப் (தொகுப்புகளை நிறுவும் கருவி) இன்ஸ்டால் கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' (வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்) என்று பிழை. ஏற்கெனவே நிறுவிய ஃபிளாஸ்க் தொகுப்பையும் காணோம் என்கிறது. 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' (கணினியின் தொகுப்புகளை உடை) விருப்பத்தைச் சேர்த்துவிடலாமா?

மறுமொழி 1:
வேண்டவே வேண்டாம். அந்த விருப்பத்தின் பெயரே எச்சரிக்கைதான். எந்தப் பைத்தான் இயங்குகிறது என்று காட்டும் 'விச் பைத்தான்3' கட்டளையைக் கொடுத்து, வருவதை இங்கே இடுங்கள். சூழல் இருக்கும் கோப்புறையின் பெயரை மாற்றினீர்களா?

கேட்டவர்:
ஆம், திட்டத்தின் பெயர் மாறியதால் கோப்புறைக்கும் புதுப்பெயர் வைத்தேன். விச் தந்த விடை, கணினியின் 'யூஎஸ்ஆர் பின்' (/usr/bin) கோப்புறைக்குள் இருக்கும் பைத்தான்3.

மறுமொழி 1:
அதுதான் காரணம். ஆக்டிவேட் பெரிய மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. சூழலின் 'பின்' (bin) கோப்புறையை, ஷெல் கட்டளைகளைத் தேடும் கோப்புறைப் பட்டியலான பாத் மாறியின் முன்னால் ஒட்டுகிறது, பெயரைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த முழுப் பாதை, சூழலை உருவாக்கியபோதே ஆக்டிவேட் கோப்புக்குள் எழுதப்பட்டுவிட்டது. இப்போது பாத்தின் முதலில் நிற்பது இல்லாத கோப்புறை. ஷெல் அதைத் தாண்டிப் போய் கணினியின் பிப்பை எடுக்கிறது. பெயர் தெரிவதை நம்பாதீர்கள்.

ஃபிளாஸ்க் எங்கும் போகவில்லை. முதலில் டீஆக்டிவேட் செய்யுங்கள். பிறகு சூழலின் பின்னுக்குள் இருக்கும் பைத்தானையே பாதையோடு அழைத்து, 'மைனஸ் எம் பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, அது தரும் நிறுவிய தொகுப்புகளின் பட்டியலை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் சேமியுங்கள். பைத்தான் தன் இருப்பிடத்தை வைத்தே சூழலின் அமைப்புக் கோப்பான பைவென்வ்.சிஎஃப்ஜியைக் கண்டுபிடிப்பதால், இடம் மாறினாலும் இது வேலை செய்யும். பட்டியல் சரியா என்று திறந்து பார்த்துவிட்டு, சூழலை அழித்துப் புதிதாக உருவாக்கி, அதிலிருந்து நிறுவுங்கள்.

மறுமொழி 2:
சூழலை நகர்த்தக் கூடாது, நகலெடுக்கவும் கூடாது. புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதை 'கிட்' (Git) களஞ்சியத்தில் நிரலோடு சேர்த்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. இன்னொன்று: ஆக்டிவேட் வரியை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் போட்டு இயக்கினால், அது முடிந்ததும் சூழல் அணைந்துவிடுகிறதே?

மறுமொழி 2:
ஸ்கிரிப்ட் தனி ஷெல்லில் ஓடுகிறது. மாற்றமும் அதனோடு போய்விடும். 'சோர்ஸ்' கொண்டு அழைத்தால் உங்கள் ஷெல்லிலேயே நிற்கும். கிரான் வேலைகளுக்கு (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை) இந்த வம்பே வேண்டாம்: சூழலின் பைத்தானை முழுப் பாதையோடு அழையுங்கள், ஆக்டிவேட் தேவையே இல்லை.