டெல்ஃபேர் கவுண்டியின் 58 ஓட்டுகள்

அட்லாண்டாவில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார், கறுப்பினத்தவர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட அவர்தான் என்னைக் கூட்டிப் போனார். குவிமாடத்துக்கு நேர் கீழே பளிங்குத் தரையில் நின்று, 1947 ஜனவரியில் அங்கே நடந்த கூத்தைச் சொன்னார்.

1946 ஆளுநர் தேர்தலில் யூஜின் டால்மாட்ஜ் ஜெயித்தார். பதவியேற்கும் முன்பே, டிசம்பர் 21 அன்று இறந்துபோனார். துணை ஆளுநராகத் தேர்வான மெல்வின் தாம்சன், பதவி தனக்குத்தான் என்றார். யூஜினுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த அவருடைய ஆட்கள், வாக்குச்சீட்டில் மகன் ஹெர்மனின் பெயரைக் கையால் எழுதவைத்திருந்தார்கள். செல்லுபடியான வெற்றியாளர் இல்லாவிட்டால், அதிக ஓட்டு வாங்கி உயிரோடிருக்கும் இருவரில் ஒருவரைச் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. சட்டமன்றமும் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்தது. அதுவரை ஆளுநராக இருந்த எல்லிஸ் ஆர்னால் நகர மறுக்கவே, அவர் அலுவலகத்தின் பூட்டையே மாற்றிவிட்டார்கள். மனிதர் கீழே வந்து தகவல் மையத்தில் உட்கார்ந்து ஆளுநர் வேலை பார்த்தார்! மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலியின் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தார். முத்திரை இல்லாமல் எந்த உத்தரவும் செல்லாதே.

எனக்கு மனசு ஆறாதது ஓட்டுக் கணக்குதான். முதல் எண்ணிக்கையில், கையால் பெயர் எழுதிப் போட்ட ஓட்டுகளில் ஹெர்மன் மூன்றாவது இடம், 617. அப்புறம் சொந்த மாவட்டமான டெல்ஃபேர் கவுண்டியில் மேலும் 58 ஓட்டு ‘கிடைத்தது’. 675 ஆனதும் முதலிடம். அந்தப் பட்டியலில் பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. இறந்தவர்களும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இதை வெளிக்கொண்டுவந்த நிருபர் ஜார்ஜ் குட்வினுக்கு 1948-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே 1946-ல்தான் டால்மாட்ஜ் ஆட்கள் பல கவுண்டிகளில் ஆட்சேப மனு போட்டு, கறுப்பின வாக்காளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பட்டியலிலிருந்து நீக்க வைத்தார்கள். ஆசிரியையின் அப்பாவையும் விசாரணைக்கு வரச் சொன்னார்களாம். பருத்தி வேலையை விட்டுவிட்டு, இருந்த ஒரே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாலை வரை வராந்தாவில் நிற்கவைத்து, பெயரை அடித்துவிட்டார்கள். செத்தவனுக்கு ஓட்டு உண்டு, உயிரோடு வந்து நின்றவருக்கு இல்லை. இதை என்னால் சாதாரண அரசியல் தில்லுமுல்லு என்று தள்ளிவிட முடியவில்லை.

1947 மார்ச் 19 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்பளித்தது, ஹெர்மன் வெளியேறினார். ஆனால் 1948 சிறப்புத் தேர்தலில் ஜெயித்து அதே நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டார். அந்தத் தேர்தலிலும் ஆசிரியையின் அப்பாவுக்கு ஓட்டு இல்லை.